அந்தந்த மாதத்துக் காய், அன்றாடச் சமையல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டு வீடுகளில் தினமும் நடக்கும் சைவச் சமையலைப் பற்றி, புதிதாகச் சமைக்கத் தொடங்கியவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. நம் வீட்டுச் சமையலில் செய்முறைகள் அதிகமில்லை. பொரியல், கூட்டு, குழம்பு, மசியல், பச்சடி. இந்த ஐந்து கைக்கு வந்துவிட்டால் போதும், மாதத்துக்கு மாதம் காய் மட்டும் மாறிக்கொண்டே இருக்கும். எந்தக் காய்க்கு எந்தச் செய்முறை என்பதைப் பெரும்பாலும் அந்தக் காயில் இருக்கும் தண்ணீரே சொல்லிவிடும்.

இப்போது எல்லாக் காயும் வருஷம் முழுக்கக் கிடைக்கிறதே. எது பருவக் காய் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கடையில் எது குவிந்து கிடக்கிறது, எது நான்கே நான்கு வாடிக் கிடக்கிறது என்று பாருங்கள். குவிந்து கிடப்பது பருவக் காய். அன்றைக்கு விலை மலிவாகவும் இருக்கும், பிஞ்சாகவும் இருக்கும். உழவர் சந்தை பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது. 1999-இல் மதுரையில் முதல் உழவர் சந்தை தொடங்கியது. விவசாயியே நேரில் விற்கும் இடம் என்பதால், சுற்றுவட்டாரத்தில் அந்த வாரம் என்ன விளைந்தது என்பது அங்கே போனாலே தெரிந்துவிடும்.

அடிப்படைக் கணக்கு 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பதில் இருக்கிறது. ஆடியில் போட்ட வெண்டை 45 நாளில் காய்க்கத் தொடங்கும். பீர்க்கு, பாகல், சுரை, புடலைக்கு இன்னும் சில வாரங்கள் ஆகும். அதனால் ஆவணி, புரட்டாசியில் கொடிக் காய்கள் மலிவு. அதே ஆடியில் போட்ட பந்தல் அவரையும் மொச்சையும் மட்டும் அவசரப்படாது. நாட்டு வகைகள் பகல் நேரம் குறையும்போதுதான் பூக்கும். அதனால்தான் அவை மார்கழி, தைக்கு வந்து சேர்கின்றன. கூடவே கிழங்குகள், பரங்கி, பச்சை மஞ்சள், மாங்காய் இஞ்சி. மலைக் காய்களான காலிபிளவர், பட்டாணியும் குளிரில்தான் ருசி. பங்குனி வெயில் ஏறியதும் முருங்கை, மாங்காய், வெள்ளரி, பலாப்பிஞ்சு. ஐப்பசி, கார்த்திகைதான் பஞ்ச காலம். வடகிழக்குப் பருவமழையில் பூ உதிர்ந்து, செடி அழுகி, வெங்காயமும் தக்காளியும் ஏறி நிற்கும். முருங்கைக்காயைத் தொடவே முடியாது. அந்த இரண்டு மாதமும் வத்தல், பருப்பு, சேனை, வாழைக்காய்தான் கை கொடுக்கும்.

ஒரு காயைப் பார்த்ததும் பொரியலா, கூட்டா என்று எப்படி முடிவு செய்வது?

தண்ணீர்க் காயா, வறண்ட காயா என்று பாருங்கள். சுரை, புடலை, பீர்க்கு, சௌசௌ, பூசணி எல்லாம் தண்ணீர்க் காய்கள். பருப்போடு சேர்ந்தால் அந்தத் தண்ணீரே கூட்டின் சாறாக மாறும். அதனால் கூட்டு. அவரை, பீன்ஸ், கொத்தவரை, கோஸ் எல்லாம் வறண்டவை. கொஞ்சம் தண்ணீர் தெளித்து மூடி வேகவைத்துத் தேங்காய் தூவினால் பொரியல். கிழங்குகள் மாவுச்சத்து உள்ளவை, அவற்றுக்கு வறுவல் அல்லது மசியல். வழவழப்பு உள்ள வெண்டைக்கும் சேப்பங்கிழங்குக்கும் புளிப்பும் எண்ணெயும் வேண்டும். கத்தரிக்காய் மட்டும் எந்தக் கட்சியிலும் சேராது. பொரியல், கூட்டு, குழம்பு, கொத்சு, துவையல் என்று எதில் போட்டாலும் பொருந்திப் போகும். வேலூர் பக்கத்து இலவம்பாடி முள் கத்தரிக்காய் கிடைத்தால் எண்ணெய்க் கத்தரிக்காய்தான் செய்ய வேண்டும், வேறு எதுவும் அதற்குச் செய்யும் துரோகம். 2023-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது.

புடலை பிஞ்சாக இருந்தால் பொரியலும் செய்யலாம், பருப்பு தூவி. விதி என்றால் இவ்வளவுதான், மீறலாம்.

நான் செய்யும் கூட்டு எப்போதும் தண்ணீராகப் போகிறது. என்ன தவறு?

நீங்கள் தண்ணீர் ஊற்றுகிறீர்கள், காயும் தண்ணீர் விடுகிறது. இரண்டில் ஒன்று போதும். குக்கரில் பருப்பையும் காயையும் ஒன்றாகப் போட்டு மூன்று விசில் விடுவது இன்னொரு காரணம். காய் உருத் தெரியாமல் குழைந்து, தண்ணீர் ஆவியாகப் போகவும் வழியில்லாமல் உள்ளேயே நின்றுவிடுகிறது.

புடலங்காய்க் கூட்டை நாலு பேருக்கு இப்படிச் செய்து பாருங்கள். கால் கப் பாசிப்பருப்பைக் கழுவி, முக்கால் கப் தண்ணீரில் திறந்த பாத்திரத்தில் வேகவிடுங்கள். விரலால் அழுத்தினால் நசுங்க வேண்டும், ஆனால் பருப்பு பருப்பாகத் தெரிய வேண்டும். அந்த நேரத்தில் அரை கிலோ புடலங்காயை விதை நீக்கி, அரைவட்டமாக நறுக்கிப் போட்டு, மஞ்சள் தூளும் உப்பும் சேர்த்து மூடி, தீயைக் குறையுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வேண்டாம். ஐந்து நிமிடத்தில் திறந்தால் அடியில் காய் விட்ட தண்ணீர் நிற்கும். பயப்பட வேண்டாம், அதில்தான் மீதி வேக வேண்டும். இதற்குள் மூன்று ஸ்பூன் தேங்காய், அரை ஸ்பூன் சீரகம், இரண்டு காய்ந்த மிளகாய், அரை ஸ்பூன் ஊறிய பச்சரிசி, இவற்றை அரைத்து வைத்துக்கொள்ளுங்கள். காய் வெந்ததும் ஊற்றி, இரண்டு கொதி வந்ததும் இறக்கிவிடலாம். அந்த அரை ஸ்பூன் அரிசிதான் கூட்டைச் சேர்த்துப் பிடிக்கும். தாளிக்கத் தேங்காய் எண்ணெய், கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை. பெருங்காயம் விருப்பம்.

இதே கணக்கில் சுரைக்காய், சௌசௌ, பீர்க்கங்காய் எல்லாம் செய்யலாம். பீர்க்கு மட்டும் வேகும்போது பாதியாகச் சுருங்கும், அதனால் உப்பைக் கடைசியில் போடுங்கள். தோலை எறியாதீர்கள், புளியும் மிளகாயும் வைத்து வதக்கினால் துவையல்.

கொத்தவரங்காய் யாருக்கும் பிடிக்கவில்லை. கசக்கிறது என்கிறார்கள்.

பருப்பு உசிலி செய்யுங்கள். அதற்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடலாம். அரை கப் துவரம்பருப்பை ஒரு மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரை முழுக்க வடித்து, மூன்று மிளகாய், பெருங்காயம், உப்போடு கொரகொரப்பாக அரைத்து, இட்லித் தட்டில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆவியில் வேகவையுங்கள். நன்றாக ஆறிய பிறகுதான் உதிர்க்க வேண்டும். சூட்டில் உதிர்த்தால் களியாகக் கட்டிக்கொள்ளும். நிறைய எண்ணெயில் அதை மொறுமொறுவென்று வதக்கி, உப்புப் போட்டு வேகவைத்துப் பிழிந்த கொத்தவரங்காயைச் சேர்த்துப் புரட்டுங்கள். மோர்க்குழம்புக்கு இதைவிடப் பொருத்தமான துணை கிடையாது.

வெண்டைக்காய் வழவழப்பு போக என்ன செய்வது?

நறுக்கும் முன் கழுவித் துடைத்துவிட வேண்டும். நறுக்கிய பிறகு தண்ணீர் பட்டால் தீர்ந்தது. அகலமான வாணலி, சூடான எண்ணெய், மூடி கிடையாது. உப்பு கடைசியில், ஏனென்றால் உப்பு தண்ணீரை இழுத்து வெளியே கொண்டுவரும். ஒரு ஸ்பூன் தயிரோ கொஞ்சம் புளித்தண்ணீரோ தெளித்தால் நூல் விடுவது நிற்கும். சும்மா சும்மா கிளறவும் கூடாது.

புளிக்குழம்பில் காய் மணிக்கணக்காகக் கொதித்தும் வேகவே மாட்டேன் என்கிறதே?

புளிப்பில் காய் மெதுவாகத்தான் வேகும், பருப்பும் அப்படியே. முதலில் எண்ணெயில் வதக்கி, வெறும் தண்ணீரில் முக்கால் பதம் வேகவிட்டுப் பிறகு புளியைக் கரைத்து ஊற்றுங்கள். முருங்கைக்காய், சேனை, முள்ளங்கி மூன்றுக்கும் இது கட்டாயம். இதையே தலைகீழாகவும் பயன்படுத்தலாம். கத்தரிக்காய், வெண்டைக்காய் குழையாமல் முழுசாக நிற்க வேண்டுமானால் புளித்தண்ணீரில் சீக்கிரமே போட்டுவிடுங்கள்.

தக்காளி விலை ஏறும்போது என்ன செய்வது?

நம் குழம்புகளில் பாதிக்கு மேல் தக்காளி இல்லாமலே செய்யக் கூடியவை. 2023 ஜூலையில் சென்னையில் ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு அரசே தக்காளி விற்கும் அளவுக்கு விலை போனது. அப்போதும் வத்தக்குழம்புக்கும் மோர்க்குழம்புக்கும் பொரிச்ச குழம்புக்கும் ஒரு குறையும் வரவில்லை. சாம்பாருக்கே தக்காளி அவசியமில்லை, புளி போதும். ரசத்துக்கு எலுமிச்சையோ நெல்லிக்காயோ போடலாம், வெயில் காலமென்றால் மாங்காய்.

மோர்க்குழம்பு திரிந்துவிடுகிறது என்பவர்களுக்கு: வெள்ளைப் பூசணியைத் தனியாக வேகவைத்து, ஊறிய கடலைப்பருப்பு, தேங்காய், சீரகம், பச்சை மிளகாய் அரைத்த விழுதை அதில் கொதிக்கவிட்டு, தீயைக் குறைத்த பிறகுதான் கடைந்த தயிர். ஓரத்தில் நுரைத்து வரும்போதே அணைத்துவிட வேண்டும், தளதளவென்று கொதிக்க விடக் கூடாது.

கீரை கறுத்துப் போகிறது. மழைக்காலத்தில் கீரை சாப்பிடலாமா?

மூடி போடாமல் வேகவையுங்கள். கீரை சூடாகும்போது வெளிவரும் லேசான அமிலங்கள் ஆவியோடு போய்விட்டால் பச்சை நிற்கும். மூடி வைத்தால் அவை மறுபடி பாத்திரத்திலேயே சொட்டி நிறத்தைக் கெடுக்கும். புளி சேர்ப்பதானால் கடைசியில். சோடா உப்பு போட்டால் பச்சை அள்ளிக்கொண்டு நிற்கும்தான், ஆனால் சத்து போய்க் கீரையும் கூழாகிவிடும், வேண்டாம்.

மழையில் சாப்பிடலாம், ஆனால் மண் ஒட்டியிருக்கும், பூச்சியும் அதிகம். அகலப் பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் எடுத்துக் கீரையை மிதக்கவிட்டு, கையால் மேலே அள்ளி எடுக்க வேண்டும். தண்ணீரைக் கவிழ்த்து வடித்தால் அடியில் படிந்த மண் திரும்பக் கீரையிலேயே வந்து உட்காரும். மண் தங்காத வரை, மூன்று நான்கு தடவை. தரையோடு வளரும் சிறுகீரை, அரைக்கீரையை விட மரத்தில் இருக்கும் முருங்கைக்கீரையும் அகத்தியும் அந்த நாட்களில் வசதி. அகத்தி கசக்கும். ஏகாதசி விரதம் இருந்து மறுநாள் துவாதசியில் அகத்தி, நெல்லிக்காய், சுண்டைக்காய் சாப்பிடும் வீடுகளில் அந்தக் கசப்புக்குப் பழகியிருப்பார்கள். மற்றவர்கள் பாசிப்பருப்பும் தேங்காயும் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

வாழைப்பூ சுத்தம் செய்வதை நினைத்தாலே வேண்டாம் என்றாகிவிடுகிறது. குறுக்கு வழி உண்டா?

இல்லை. ஒவ்வொரு பூவிலும் நடுவில் நிற்கும் கள்ளனையும், அடியில் கண்ணாடி போல ஒட்டியிருக்கும் செதிலையும் எடுத்தே ஆக வேண்டும். கள்ளன் என்பது தலை தடித்த நரம்பு. எவ்வளவு வேகவைத்தாலும் வேகாது. ஆனால் ஒரு உபாயம் உண்டு: ஒரு மடலில் இருக்கும் பூக்களை வரிசையாக அப்படியே எடுத்து, நுனியை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் பூ விரிந்து கள்ளன்கள் தனியாக நீட்டிக்கொண்டு நிற்கும். ஒவ்வொன்றாகத் தேட வேண்டியதில்லை, இழுத்தால் போதும். உள்ளே போகப் போகப் பூ சின்னதாகும். வெள்ளை மொட்டு வந்ததும் நிறுத்தி, அதை அப்படியே நறுக்கிவிடலாம். கையில் எண்ணெய் தடவிக்கொண்டால் கறை ஒட்டாது. நறுக்க நறுக்க மோர் கலந்த தண்ணீரில் போட்டால் கறுக்காது, துவர்ப்பும் குறையும்.

டிவி பார்த்துக்கொண்டே செய்ய வேண்டிய வேலை இது. வீட்டில் நாலு பேர் இருந்தால் நாலு பேரையும் உட்காரவையுங்கள்.

தைப் பொங்கலுக்குக் கிழங்குகள் வாங்கினோம். கை அரிக்கிறது, நாக்கும் அரிக்கிறது.

சேனை, பிடிகருணை, சேப்பங்கிழங்கு மூன்றிலும் ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இருக்கின்றன. அவைதான் குத்துகின்றன. கையைக் காயவைத்து, எண்ணெய் தடவிக்கொண்டு, கழுவாமலே தோல் சீவுங்கள். அப்புறம் கழுவலாம். சமைக்கும்போது புளித்தண்ணீரில் வேகவைக்க வேண்டும். வாங்கியதும் சமைக்காமல் சில நாள் காற்றாட வைத்திருந்தால் பிடிகருணையின் அரிப்பு கொஞ்சம் அடங்கும் என்பது பாட்டிமார் வழக்கம். அதை முழுசாக வேகவைத்துத் தோலுரித்து மசித்து, இஞ்சி, பச்சை மிளகாய் தாளித்து, இறக்கிய பிறகு எலுமிச்சை பிழிந்தால் மசியல். புளிப்பைக் குறைக்காதீர்கள்.

திருநெல்வேலிப் பக்கம் பொங்கல் என்றால் சிறுகிழங்குதான் விசேஷம். இது அரிக்காது, ஆனால் தோல் உரிப்பது பெரிய பாடு. ஊறவைத்துச் சாக்கில் போட்டுத் தரையில் தேய்த்தால் மண்ணும் தோலும் சேர்ந்து கழன்றுவிடும். தேங்காயும் சீரகமும் அரைத்துப் போட்ட சிறுகிழங்குப் பொரியலின் மண் வாசனை வேறு எந்தக் கிழங்கிலும் வராது. மார்கழித் திருவாதிரைக் களிக்கு ஏழுகறிக் கூட்டு செய்வதும் இதே காலம்தான். பரங்கி, அவரை, மொச்சை, சர்க்கரைவள்ளி, வாழைக்காய், சேனை, கத்தரி என்று சந்தையில் அன்றைக்கு இருப்பதெல்லாம் ஒரே பாத்திரத்தில் போய்ச் சேரும். வேக நேரமெடுக்கும் கிழங்கும் மொச்சையும் முதலில், பரங்கி கடைசியில்.

நாட்டுக் காய்தான் நல்லதா? இங்கிலீஷ் காய் வேண்டாமா?

இரண்டும் சமைக்கலாம். திவசச் சமையலில் இன்றும் பல வீடுகளில் கேரட், கோஸ், உருளைக்கிழங்கு, தக்காளி, ஏன் மிளகாய்கூடக் கிடையாது. காரத்துக்கு மிளகு. புதுக் காய்கள் வருவதற்கு முந்தைய சமையல் எப்படி இருந்திருக்கும் என்பதற்கு அது ஒரு சாட்சி. மற்ற நாட்களில் நீலகிரி கேரட்டை ஒதுக்க ஒரு காரணமும் இல்லை. சௌசௌவும் மெக்சிகோவிலிருந்து வந்ததுதான், இன்றைக்கு அது இல்லாத கல்யாணப் பந்தி உண்டா?

வெங்காயம், பூண்டு இல்லாமல் ருசி வருமா?

வரும். பெருங்காயம், மிளகு, சீரகம், கடைசியில் ஒரு ஸ்பூன் பச்சைத் தேங்காய் எண்ணெய். கூட்டுக்கு வெங்காயம் போடாமல் இருப்பதே நல்லது, காயின் மணத்தை மறைத்துவிடும்.

மாவடுவும் வத்தலும் இப்போது வீட்டில் போட முடியுமா? மொட்டை மாடி இல்லை.

மாவடுவுக்கு வெயிலே வேண்டாம். மாசி, பங்குனியில் காம்போடு, அடிபடாத, உருண்டையான வடுவாகப் பொறுக்கி வாங்குங்கள். கழுவித் துடைத்துக் காயவைத்து, விளக்கெண்ணெய் தடவி, கல் உப்பைப் போட்டுக் குலுக்கி ஜாடியில் மூடி வையுங்கள். தினமும் ஒருதரம் குலுக்கிவிட வேண்டும். நாலைந்து நாளில் வடு தோல் சுருங்கித் தானாகத் தண்ணீர் விட்டிருக்கும். அந்தத் தண்ணீரிலேயே மிளகாய்த் தூள், கடுகுத் தூள், மஞ்சள் கரைத்துத் திரும்ப ஊற்ற வேண்டும். வெளித் தண்ணீர் ஒரு துளி பட்டாலும் பூஞ்சை பிடிக்கும்.

வத்தலுக்கு வெயில் வேண்டும்தான், ஆனால் வெயில் விழும் ஜன்னல் ஓரமோ பால்கனியோ போதும். சுண்டைக்காயைத் தட்டி விதை போக அலசி, உப்புப் போட்ட புளித்த மோரில் ராத்திரி ஊறவைத்து, பகலில் காயவைத்து, மாலையில் அதே மோரில் திரும்பப் போட வேண்டும். மோர் முழுக்க வற்றும்வரை இப்படி, அப்புறம் கலகலவென்று சத்தம் வரும்வரை வெறும் வெயில். மணத்தக்காளி, கொத்தவரை வத்தலுக்கும் இதே முறைதான். ஐப்பசி மழையில் காய்க் கடைக்குப் போக முடியாத நாளில் இவற்றின் அருமை தெரியும்.

வாரத்துக்கு ஒருதரம்தான் காய் வாங்க முடிகிறது. எதை முதலில் சமைக்க வேண்டும்?

கீரை அன்றைக்கே அல்லது மறுநாள். அடுத்து வெண்டை, புடலை, பீர்க்கு. நடு வாரத்தில் பீன்ஸ், அவரை, கத்தரி. கோஸ், கேரட், பீட்ரூட் கடைசிக்கு. சேனை, பரங்கி, வாழைக்காய், உருளையை வெளியிலேயே வைக்கலாம். பரங்கியை வெட்டாமல் வைத்தால் மாதக்கணக்கில் நிற்கும். முள்ளங்கியின் இலையை வாங்கிய உடனே வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் அது கிழங்கின் ஈரத்தை உறிஞ்சிவிடும். அந்த இலையும் பருப்பு போட்டுச் சமைக்கத்தான்.

அலுவலகத்திலிருந்து ஏழு மணிக்கு வருகிறேன். அரை மணியில் என்ன செய்ய முடியும்?

ஒரு காய், ஒரு ரசம், சோறு. இரவுக்கு அதற்கு மேல் யாரும் கேட்கக் கூடாது. அவரைக்காயை முந்தின இரவே ஆய்ந்து நறுக்கி மூடி வைக்கலாம். கத்தரி, வாழைக்காய், உருளையை அப்படி நறுக்கி வைத்தால் கறுத்துவிடும். தேங்காயைத் துருவி ஃப்ரீசரில் சின்னச் சின்னப் பொட்டலமாக வைத்துக்கொள்ளுங்கள். தேங்காய் விலை அதிகமாக இருக்கும்போது கூட்டுக்கு ஒரு ஸ்பூன் பொட்டுக்கடலை சேர்த்தரைத்துச் சமாளிக்கலாம். பொரியலுக்கு வறுத்த வேர்க்கடலைப் பொடி.

வெளிநாட்டில் இருக்கிறோம். புடலையும் அவரையும் இந்தியக் கடையில் வாடி வதங்கித்தான் வருகின்றன.

அங்கே விளைவதை வாங்குங்கள். சுக்கினி நம் சுரைக்காய்க் குடும்பம்தான், மேலே சொன்ன கூட்டு அப்படியே வரும். சீக்கிரம் வெந்துவிடும் என்பதால் பருப்பு முழுதாக வெந்த பிறகு போட வேண்டும். பட்டர்நட் ஸ்குவாஷ் பரங்கிக்கு பதில். குட்டிக் கோஸான பிரஸ்ஸல்ஸ் ஸ்ப்ரௌட்ஸை நான்காக வெட்டி, கடுகு, உளுத்தம்பருப்பு தாளித்து வதக்கி, தேங்காய் தூவுங்கள். பாலக்கீரையில் மசியல் நன்றாக வரும், ஆனால் தண்ணீர் அதிகம் விடும், பருப்பைக் கெட்டியாக வைத்துக்கொள்ளுங்கள். முருங்கைக்காய்க்கு மட்டும் மாற்று கிடையாது. ஃப்ரீசரில் வைத்து விற்கும் துண்டுகள் சாம்பாருக்குப் பரவாயில்லை. பனி உருகும் முன்பே கொதிக்கும் குழம்பில் போட்டுவிடுங்கள்.